இது ஜூஸ் இல்லை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தெட்டு வருடமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும். அவள் கை தப்பியதில்லை. வாய்தான் சும்மா இருக்காது. "இந்த ஃபிரேம் எனக்கு எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் "நல்லா இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அதற்காகவே முதலாளி அவளை முன்பக்கம் வரவிடுவதில்லை.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஒன்று ஆகி, இரண்டே வருடத்தில் போதும் என்று வெளியே வந்தவள். அன்றைக்கு ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசியபோது, "என் தங்கச்சி என் வீட்டுல இருப்பா, எவன் கேக்குறான்னு பாக்குறேன்" என்று வாசலில் நின்று எல்லோர் வாயையும் அடைத்தவர் அண்ணன். அந்த ஒன்றுக்காகவே அவர் சொன்ன எதற்கும் அவள் மறுபேச்சுப் பேசியதில்லை. தனி வீடு பார்த்துக்கொண்டு வந்த பிறகும் அப்படித்தான். உறவு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

போன கோடையில்தான் அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஹோட்டல் பாரில் வேலை பார்க்கும் ஒருவர் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தார். அது தயாராகும்வரை பின்னறை வாசலில் நின்று, வெயிலுக்கு ஏற்ற காக்டெயில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். தர்பூசணியை முந்தின நாளே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஐஸுக்குப் பதில் அதுதான். ஐஸ் போட்டால் கரைந்து எல்லாம் சப்பென்று ஆகிவிடும். ஆரஞ்சுச் சாறு, துருவிப் பிழிந்த இஞ்சியில் நாலு சொட்டு, அளவாக ஜின். புதினாவைக் கசக்கினால் கசக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். சோடா கடைசியில், ஜாடியின் ஓரமாக. அப்புறம் ஒரே ஒரு சுற்று. கை இன்னொரு சுற்றுக்குப் போனால் நுரையெல்லாம் அடங்கிவிடும். லென்ஸ் அக்காவுக்கு இந்தக் கறார் பிடித்துப்போனது. ஞாயிறு மதியம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு கிளாஸ். ஒன்றோடு சரி.

கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அண்ணனிடம் போட்டுக்கொடுத்தார். அண்ணன் போன் செய்தார்.

"குடிக்கிறியாமே?"

"ஆமாண்ணா. ஞாயித்துக்கிழமை ஒரு கிளாஸ்."

இல்லை என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். ஆமாம் என்றதும் மறைக்க வழி சொன்னார். "குடிச்சுத் தொலை. காபி கப்புல ஊத்திக்க. எவனாவது கேட்டா ஜூஸ்னு சொல்லு. என் மானம் போகுது."

இதைச் சொன்ன மகராசர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலும் கையுமாக உட்காருகிறவர். அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'பேப்பர் படிக்கிறது'. யார் தேடி வந்தாலும், "அவர் பேப்பர் படிக்கிறார்" என்பார் அண்ணி. சில வாரம் செய்தி அதிகமாகிப்போய், அண்ணிதான் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அவள் பிறந்தநாள் ஒரு ஞாயிறன்று வந்தது. அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டுமென்றே கீழ்வீட்டுக்காரரையும் கூப்பிட்டாள்.

"வர்றேன். ஆனா அந்த ஜாடி மேஜையில இருக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

"வாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு, அன்று முழுக்கக் கடையில் லென்ஸ் தேய்த்தபடி அதையே யோசித்தாள். ஒரு ஜாடிக்காக அண்ணனை இழப்பதா? எடுத்து உள்ளே வைத்துவிட்டால் ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா என்று நினைத்தபோது பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், தன் வீட்டில், தன் மேஜையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஞாயிறு மதியம் மேஜையில் இரண்டு ஜாடிகள் இருந்தன. பெரியதில் ஜின் உண்டு, சின்னதில் இல்லை. அண்ணன் உள்ளே வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அவள் போய்த் திறந்தாள்.

கீழ்வீட்டுக்காரர் பெரிய ஜாடியைப் பார்த்து, "ஜூஸாம்மா?" என்றார்.

"ஜூஸ்தான், ஜூஸ்தான்" என்று முந்திக்கொண்டார் அண்ணன்.

"இது ஜூஸ் இல்ல சார். ஜின் கலந்திருக்கு. தெரியாம குடிச்சிடாதீங்க. ஜூஸ் அந்தச் சின்ன ஜாடியில இருக்கு."

அண்ணன் முகம் சிவந்தது. "ஒண்ணு அது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ரெண்டும் இருக்கலாமேண்ணா."

"திமிரா?"

"திமிர்னே வெச்சுக்கங்க. நான் பேப்பர் படிக்கலண்ணா. குடிக்கிறேன். நாலு பேருக்குத் தெரிஞ்சு குடிக்கிறேன்."

அண்ணி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா போலாம்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத் தடதடவென்று இறங்கிப்போனார். பின்னாலேயே ஓடி, மன்னிச்சிடுங்கண்ணா என்று சொல்ல லென்ஸ் அக்காவுக்கு நாக்கு வரை வந்தது. நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "சின்ன ஜாடியிலேருந்து எனக்கு ஊத்து. உன்னுது மாதிரியே கண்ணாடி கிளாஸ்ல" என்றார்.

கீழே தெருவிலிருந்து, "ஏய்! வர்றியா இல்லையா?" என்று சத்தம் வந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மானத்துக்குத் திரை போட்டவர் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"போங்கண்ணி. எனக்காக உங்களுக்கு வம்பு வேண்டாம்."

"வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு? சாவி என் பையில கெடக்கு."

லென்ஸ் அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "அண்ணா! மேல வாங்க! உங்களுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி வெச்சிருக்கேன்! ஜின் போட்டது!"

தெரு முழுக்கக் கேட்டது. அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வண்டிக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் இனி வரமாட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. அழுதாள், யாருக்கும் மறைக்காமல் அழுதாள். அப்படியும் ஜாடியை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

அண்ணி காலி கிளாஸை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து."

"அண்ணன் வெயில்ல நிக்கிறாரேண்ணி."

"முப்பது வருஷமா கூப்பிட்ட குரலுக்கு எந்திரிச்சு ஓடியிருக்கேன்" என்றார் அண்ணி. "நீ ஊத்து."