பக்கக் கதவால் கொடுத்த குளிசைகள்

அக்கா தன் இடது கையை என் முன்னால் நீட்டியது ஒரேயொரு முறைதான். இறுப்பிட்டியில், அவள் வீட்டுக் குசினியில், அடுப்பிலே கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம். நான் யாழ்ப்பாணத்துத் தீவு ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறேன். அன்று அத்தானுக்குப் பார்ப்பதற்காகப் பிறஷர் மெசினைக் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு நன்றாக இருந்தது. "நீயும் ஒருக்கால் காட்டு" என்றேன், விளையாட்டாகத்தான். "எனக்கென்ன வருத்தம்? கெதியாய்ப் பார், கறி அடிப்பிடிக்கப்போகுது" என்றபடி மஞ்சள் படிந்த கையை நீட்டினாள். நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. மெசின் பிழையாக்கும் என்று மறுபடி கட்டினேன். மாறவில்லை.

அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன், தெற்கே கடை வைத்திருந்த அத்தான் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்துக்கொண்டவர் கடையை விற்றுவிட்டு ஊருக்கு வந்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு அவரைக் காப்பாற்றுவதே வேலையாயிற்று. கறிக்கு உப்பைக் குறைத்தாள், தேங்காய்ப்பாலை நிறுத்தினாள். சிகரெட்டை விட முடியாமல் அவர் கத்திய நாட்களில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். காலையில் நடக்கப்போன மனுசன் திரும்பி வரும்வரை கேற்றடியில் நிற்பாள். எந்த மருந்துக் குளிசை காலையில், எது இரவில் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவர் கையை நீட்டினால் போதும். தான் மட்டும் குசினிக்குள் நின்றபடியே, அவருக்குத் தெரியாமல், கருவாட்டுப் பொரியலோடு சோற்றைத் தின்பாள். அதைக் கண்டு சிரித்திருக்கிறேனே தவிர, கண்டித்ததில்லை.

பிறஷர் பார்த்த பிறகு, என் கண்டிப்புக்குப் பயந்து அவள் ஒருநாள் கிளினிக்குக்கு வந்தாள். டொக்டர் குளிசை எழுதினார். அதன் பிறகு அவள் வரிசையில் இருக்கவே இல்லை. இருக்க நான் விடவில்லை. காலையிலேயே சனம் வந்து வாங்குகளில் உட்கார இடமில்லாமல் நிறைந்துவிடும். அக்கா ஏன் அதற்குள் கிடந்து காயவேண்டும் என்று, அத்தானின் மருந்தையும் அவளுடைய மருந்தையும் சேர்த்துப் பக்கக் கதவால் நானே கொடுத்துவிடுவேன். "ஒழுங்காய்க் குடிக்கிறியோ?" என்று கேட்பேன். "ஓம், குடிக்கிறன்" என்பாள். பஸ் போய்விடும் என்று ஓடுவாள். அந்தக் கையை இன்னொரு முறை பிடித்துப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஒன்றரை வருடமாக அந்த இரண்டு நிமிடத்தை நான் எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்துவிட்டு வந்த அத்தான், கேற்றடியில் அவளைக் காணாமல் உள்ளே போயிருக்கிறார். கிணற்றடியில், நனைந்த உடுப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தாள். அம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். வலப்பக்கம் முழுவதும் செத்திருந்தது. பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தாள். கட்டில் ஓரத்தில் நின்ற அத்தானைப் பார்த்துவிட்டு, இடது கையை மெல்லத் தூக்கித் தன் வாயருகே கொண்டுபோய் எதையோ போடுவதுபோலக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் விளங்கியது. அவள் காதருகே குனிந்து, "அத்தான் குளிசை குடிச்சிட்டார் அக்கா" என்றேன். அது பொய். அவள் விழுந்த நேரத்திலிருந்து அவர் ஒன்றும் குடிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நாள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அலுமாரியைத் துப்பரவாக்கினேன். சீலைகளுக்குக் கீழே, அவள் பெயரை நானே எழுதிக்கொடுத்த மருந்து உறைகள், மாத வாரியாக அடுக்கியபடி இருந்தன. முதலாவது உறையில் மட்டும் பத்துக் குளிசை குறைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்: "குடிச்சால் தலை சுத்துதாம். நான் படுத்திட்டால் அவருக்கு ஆர் சமைக்கிறது எண்டு நிப்பாட்டினவ. உங்களிட்டைச் சொன்னால் ஏசுவியளாம்." என்னிடம் சொல்லியிருந்தால் வேறு குளிசை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். உடம்பில் வருத்தம் தெரியவில்லை என்பதற்காக மருந்தை விடாதீர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் இது.

அத்தானும் மருந்தை விட்டுவிட்டார். "இனி ஆருக்காகக் குடிக்கிறது, நீர் சொல்லும்" என்றார். அப்போதுதான் அக்கா கையால் கேட்டதையும், அந்தக் கட்டிலருகே நான் அவளுக்குச் சொன்ன பொய்யையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து கிணற்றடிப் பக்கம் போய் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, எது காலைக் குளிசை என்று கேட்டார்.

இப்போது மாதா மாதம் அவரே வந்து வரிசையில் இருக்கிறார். பக்கக் கதவால் நான் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. போன கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, பிறஷரும் கொழுப்பும் நல்லாய் இருக்கு. வீட்டிலை அம்மா கவனமாய்ப் பார்க்கிறா போல" என்றார்.

அத்தான் கொப்பியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஓம்" என்றார்.