பன்னிரண்டாவது இயர்போன்

ஒரகடம் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கும் அசெம்பிளி லைனில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய் வருகிறவர்கள், லைனில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பொருளைத்தான் வாங்கி வரவேண்டும். நிறம் மாறினாலே மனஸ்தாபம். நானும் வியட்நாமிலிருந்து பன்னிரண்டு கறுப்பு இயர்போன்களோடு சென்னையில் இறங்கினேன்.

சுங்க அதிகாரி பையைத் திறந்தார். "ஒரே மாதிரி பன்னெண்டா? விக்கறதுக்காம்மா?"

"கிஃப்ட் சார்."

"கிஃப்டுன்னா வேற வேறயா இல்ல இருக்கும்?"

எங்கள் லைனில் வேறு வேறாகக் கொடுத்தால்தான் தப்பு. இங்கே ஒரே மாதிரி இருந்தால் தப்பா?

"யார் யாருக்குன்னு பேர் சொல்லுங்க."

செல்வி, மேரி, கோமதி என்று லைனில் உட்காரும் வரிசைப்படி பதினொரு பெயரைக் கடகடவென்று சொன்னேன். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டேன். அது எங்கள் லைனைப் பெருக்கும் அக்காவுக்கு. ஆறு வருடமாக வெறும் 'அக்கா'தான்.

"பேர் தெரியல சார். ஆனா அவங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்" என்றேன்.

என்னையே பார்த்தவர், பையை மூடி என் பக்கம் தள்ளினார். எதை நம்பி என்னைப் போகவிட்டார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மறுநாள் அக்காவிடம் இயர்போனை நீட்டி, பெயரைக் கேட்டேன். அவர் அதை வாங்கவில்லை. துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பேரு இன்னாத்துக்கு கண்ணு? எதனா கம்ப்ளெய்ண்ட் எழுதப் போறியா?"