வாலில் நான் வைத்த இறகுகள்

அந்த வருடம் முழுவதும் நான் ஒரு பெரிய மிருகத்துக்கு இறகு வரைந்துகொண்டிருந்தேன். டைனோசர். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு செத்து, சேற்றில் அமிழ்ந்து, கல்லாகிப் போன ஒன்று. எங்கள் வீட்டு வாசலில் தலையை வைத்தால் வால் பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும், அவ்வளவு நீளம். அவ்வளவு பெரிய உடம்பில் இறகு இருந்தது என்பதுதான் விசேஷம். சின்ன டைனோசர்களுக்கு இறகு இருந்தது முன்பே தெரியும். பெரியவற்றில் அதற்கு அடையாளம் கிடைப்பது அரிது. காக்கையின் இறகைப்போல அல்ல, கோழிக்குஞ்சின் உடம்பில் நூல்நூலாக இருக்குமே, அப்படி. அந்த நூல்களைப் புகைப்படத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணினியில் கோடு இழுப்பது என் வேலை. சொல்லும்போது கேட்க நன்றாயிருக்கும். செய்து பார்த்தால் பிடரி வலிக்கும்.

அதற்கு முன் நான் ஒரு நில அளவையாளரிடம் படம் வரைந்தவள். வயல் வட்டைகளின் எல்லை, வாய்க்கால், வரம்பு, யாரோ யாருக்கோ விட்டுக்கொடுக்காத அரை முழ நிலம், இவைதான் என் இளமை. அவர் கந்தோரை மூடியபின் கணினியில் வரையப் பழகி, இணையத்தில் கிடைத்த வேலையெல்லாம் செய்தேன். சவர்க்காரப் பெட்டி, கலியாண அட்டை, பாடசாலை மலரின் மேலட்டை. எதையும் ரசித்துச் செய்ததாக ஞாபகமில்லை. அப்படித் திரிந்தபோதுதான் தூரத்துக் குளிர்நாடொன்றிலிருந்து ஒரு ஆய்வாளர் என்னைப் பிடித்தாள். நுணுக்கமாகக் கோடு இழுக்கத் தெரிந்த, அவசரப்படாத ஆள் வேண்டும் என்று கேட்டாள். அவசரப்படத் தெம்பில்லாத ஆள் என்றால் நான்தான்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். 'அவள்' என்று எழுதுவது மரியாதைக்குறைவால் அல்ல. மாதக்கணக்கில் ஒருவர் கொட்டாவியை ஒருவர் திரையில் பார்த்தபின் 'அவர்' என்று வரமாட்டேன் என்கிறது. என் பின்னேரம் அவளுக்குக் காலை. கோப்பியோடு வந்து உட்காருவாள், நான் தேநீரோடு உட்காருவேன். அவள் பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

எலும்பைக் கண்டெடுத்தவுடன் அது புது இனமாகிவிடாது என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். யாராவது உட்கார்ந்து, எலும்பெலும்பாக, பல்பல்லாக, இது மற்றவற்றிலிருந்து எப்படி வேறு என்று விவரித்து, படம் சேர்த்து, பெயர் வைத்து, ஆய்விதழில் அச்சாக்க வேண்டும். அச்சான பெயரை யாரும் மாற்ற முடியாது. பொருத்தமில்லாத பெயர் என்று பிறகு தெரிந்தாலும் அதுதான் பெயர்.

அந்த விவரிப்பை எழுதுவது அவள். அவளுடைய வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை, அதுவும் கடைசி வருடம். முதல் கிழமையே அதை மறைக்காமல் சொன்னாள். "வருடம் முடிவதற்குள் இந்தக் கட்டுரை நல்ல ஆய்விதழில் வந்தால் என்னை நிரந்தரமாக்குவார்கள். வராவிட்டால் சாமான்களைக் கட்டவேண்டியதுதான்." சிரித்தபடிதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நானும் அளவையாளரின் கந்தோரில் கடைசி மாதம் அப்படித்தான் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

எலும்பும் இறகும் பதிந்த கற்கள் வேறொரு நாட்டு அருங்காட்சியகத்தில் இருந்தன. அவளுக்கு அங்கே சில நாட்கள்தான் அனுமதி கிடைத்தது. அதற்குள் எல்லாவற்றையும் படமெடுத்துத் திரும்பியிருந்தாள். திரும்பப் போகக் காசுமில்லை, காலமுமில்லை. ஆகவே அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்தது புகைப்படங்கள் மட்டும்.

புளியந்தீவில் வாவியைப் பார்த்த வீட்டில் நானும் அக்காவும் இருக்கிறோம். அக்கா ஆசுப்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்து, ஒரு பேசினில் சுடுதண்ணி ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு, என் திரையை எட்டிப் பார்ப்பாள்.

"என்னகா, உன்ட கோழிக்கு இறகு முளைச்சிட்டா?"

"கழுத்தில முளைச்சிட்டு. இனிக் கைக்குப் போறன்."

"கெதியா முடி. நாங்க செத்துக் கல்லாப் போறதுக்குள்ள."

மின்சாரம் நேரம் பார்த்துப் போய் வந்த காலம் அது. கச்சான் காற்று சுட்டுக்கொண்டு வீசும், மின்விசிறி நிற்கும், மடிக்கணினியின் பற்றரி அரை மணித்தியாலத்தில் மூச்சுவிடும். வேர்வையில் கை மேசையோடு ஒட்டும். நான் செய்த பிழைக்குக் காற்றையும் மின்வெட்டையும் சாட்டலாம். பல நாட்கள் சாட்டியும் பார்த்தேன். ஆனால் கை என்னுடையது.

படம் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தை மணிக்கணக்காகப் பார்த்தால் கண் பழகிப்போய்ப் பிழை தெரியாது. அப்போது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்போம். கோணல் எல்லாம் உடனே தெரியும். திருத்திவிட்டுத் திரும்பப் புரட்டி வைப்போம். முன்பு தாளைத் தூக்கி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடிப்பேன். கணினியில் அதற்கு ஒரு பொத்தான் போதும்.

அவள் தந்த படங்களில் ஒன்று உள்ளங்கையளவு கல். எலும்பே இல்லை, இறகு மட்டும், மற்ற இடங்களில் உள்ளதைவிட நீளமான இறகு. எங்கிருந்து உடைந்த துண்டு என்று யாருக்கும் தெரியாது. ஒரு பின்னேரம் அந்தக் கல்லின் படத்தைப் புரட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பற்றரி சாகப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. அவசரமாகச் சேமித்துவிட்டு மூடினேன். மறுநாள் திறந்தபோது கல் புரண்டபடியே இருந்தது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரியாமலே, அந்தப் புரண்ட கல்லின் உடைந்த விளிம்பை மற்றக் கற்களின் விளிம்புகளோடு வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். யாரும் கேட்ட வேலையல்ல. ஒரு வட்டையின் படம் நாலு தாளில் கிடந்தால் எல்லைக்கோட்டை நகர்த்தி நகர்த்திப் பொருத்திய பழக்கம். வால் கிடந்த கல்லின் ஓரத்தில் அது போய் உட்கார்ந்தது. ஒரு மூலையில் மட்டும் சின்ன இடைவெளி. உடைந்தபோது தூளாகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அவளுக்குக் காட்டியபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிழமை பார்த்தாள், அளந்தாள், ஆனால் பார்த்ததெல்லாம் நான் பொருத்திக் கொடுத்த படத்தை. பிறகு கட்டுரையையே மாற்றி எழுதினாள். இவ்வளவு பெரிய மிருகம், வாலில் நீண்ட இறகு. இனத்துக்கு வைத்த பெயரும் அதிலிருந்துதான் வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாலில் இறகு கொண்ட பெரிய உருவம் என்று பொருள். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோசமாக வேலை செய்த மாதங்கள் அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. அந்த வால் இறகுகளை ஒரு அவசரமும் இல்லாமல், ஒவ்வொன்றாக, ஆசையோடு வரைந்தேன்.

ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அச்சுப்படி வந்தது. படங்களைச் சரிபார்க்க இரண்டு நாள் தந்தார்கள். எல்லாப் புகைப்படங்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்ததை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் எப்போதும் இடதுபக்க மேல் மூலையிலிருந்து விழவேண்டும். அப்போதுதான் எது மேடு, எது பள்ளம் என்று பார்ப்பவருக்குக் குழப்பம் வராது. அவளும் அப்படித்தான் எல்லாவற்றையும் படமெடுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாக் கல்லுக்கும் நிழல் வலதுபக்கம் விழுந்திருந்தது. வால்பக்கத்து உள்ளங்கைக் கல்லுக்கு மட்டும் இடதுபக்கம்.

அவள் முதலில் அனுப்பிய மூலப்படத்தைத் தேடித் திறந்தேன். கல்லின் அருகே வைத்த அளவுகோலை நான் வெட்டியெடுத்துவிட்டுத்தான் வேலை செய்திருந்தேன். மூலப்படத்தில் அது இருந்தது, இலக்கங்கள் நேராக இருந்தன, கல் நான் வைத்ததற்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. நேராக்கி வாலோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. நாலு தடவை வைத்தேன். வேறெந்தக் கல்லோடும் பொருந்தவில்லை. அந்த இறகு வாலுடையதாக இருக்கலாம், கழுத்துடையதாக இருக்கலாம், வேறொரு மிருகத்தினுடையதாகக்கூட இருக்கலாம்.

அக்கா வேலையால் வந்து காலைத் தண்ணீரில் வைத்ததும் சொன்னேன்.

"அப்ப அதுக்கு இறகே இல்லையா?" என்றாள்.

"இரிக்கி. கழுத்தில இரிக்கி, கையில இரிக்கி. வால்லதான் இரிந்திச்சோ இல்லையோ தெரியா."

"கல்லாப் போனதுக்கு வால்ல இறகு இரிந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீ சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?"

"ஆருக்கும் தெரியா."

"இது வந்தா அந்தப் புள்ளைக்கு வேலை நிரந்தரம் எண்டுதானே சொன்னாய்?"

"ஓம்."

"மறுகா என்ன? பேசாம அனுப்பு. நீ சொல்லி அவட வேலை போனா உனக்குச் சோறு இறங்குமா?"

அக்கா பொய்க்குத் துணைபோகிறவள் அல்ல. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி பிழைத்தாலும் டாக்குத்தரை வாசலில் மறித்துக் கேட்பவள். ஆனால் அவளுக்கு இந்த விஷயத்தில் உயிரோடு இருந்தது அந்த ஆய்வாளர் மட்டும்தான். அந்த ஆளின் சோறுதான் அவள் கண்ணில் பட்டது. அவள் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது.

ஆனாலும் மறுநாள் பின்னேரம் சொல்லிவிட்டேன். நேர்மை என்று யாரும் பெரிய சொல்லெல்லாம் எடுக்கவேண்டாம். இன்னொரு சுமையைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்குச் சக்தியில்லை, அவ்வளவுதான். மாற்ற முடியாத ஒரு பெயராக என் பிழை உலகத்தில் கிடக்கும், நான் சாகும்வரை அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைத்தாலே களைப்பாக இருந்தது. என் களைப்பைத் தீர்க்க அவளிடம் கொண்டுபோய் இறக்கினேன் என்றும் சொல்லலாம்.

இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினேன். கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடி நெடுநேரம் பார்த்தாள்.

"சரியாகப் பார்த்தீர்களா?"

"நாலு தடவை."

"வேறு யாருக்குத் தெரியும்?"

"என் அக்காவுக்கு."

கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அக்காவும் அதைத்தான் சொன்னா" என்றேன்.

"மூலப்படத்தை நானும் திறந்து பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது உண்மையாக இருக்கவேண்டும் என்று ஆசை, அதனால் பார்க்கவில்லை." அச்சுப்படியைத் திறந்து, "பெயரையே எடுக்கவேண்டும்" என்றாள்.

அன்றே ஆய்விதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திருப்பி எடுத்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வாலில் நான் மாதக்கணக்காக வரைந்த இறகுகள் கணினியில் தனி அடுக்கில் இருந்தன. ஒரு பொத்தானில் போயின. தெரியாத பகுதியைத் துண்டு துண்டான கோட்டால் காட்டுவது முறை. வாலைச் சுற்றி அப்படி விட்டுவிட்டுக் கோடு போட்டேன்.

கட்டுரையைத் திரும்ப எழுதி, திரும்ப அனுப்பி, திரும்ப யார் யாரோ படித்து முடிப்பதற்குள் அந்த வருடம் முடிந்துவிட்டது. திரையில் சந்திப்பது குறைந்து, பிறகு மின்னஞ்சல் மட்டுமாயிற்று. வேலை என்னாயிற்று என்று ஒருமுறை கேட்டேன். "பார்ப்போம், ஒன்றும் குறைவில்லை" என்று எழுதினாள். ஒன்றும் குறைவில்லை என்றே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த வருடத்தின் கடைசிப் பகுதியில் கட்டுரை வந்தது. அவளே அனுப்பியிருந்தாள். இனத்துக்கு, கண்டெடுத்த ஊரின் பெயரை வைத்திருந்தாள். கழுத்திலும் கையிலும் இறகுள்ள, வாலைப்பற்றி ஒன்றும் தெரியாத, மிகப் பெரிய ஒரு மிருகம். அன்று அக்காவுக்கு விடுமுறை. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, படத்துக்குக் கீழே என் பெயரைக் கண்டுபிடித்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உன்ட பேர் வந்திரிக்கி, புள்ள. பிழையில்லாமப் போட்டிருக்காங்க."

நான் முதல் பக்கத்துக்குப் போனேன். எழுதியவரின் பெயருக்குக் கீழே அவர் வேலை செய்யும் இடத்தைச் சின்ன எழுத்தில் போடுவது வழக்கம். முந்திய அச்சுப்படியில் அங்கே துறையின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் மூன்று வரிக்கு நீண்டிருந்தன. இதில் ஒரே வரி. ஒரு தெருவின் பெயர், ஒரு இலக்கம், மாடி.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இது அவட வீடா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.