இரண்டு டின் குப்பை

கல்யாணமாகி ஆர்.எஸ்.புரத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கென்று இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, கொல்லையில் இருந்த தண்ணீர்க் குழாய். இன்னொன்று, விறகுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த இரண்டு டின் குப்பை.

குழாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சூலூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கிணறுகளெல்லாம் பாதாளத்தில் கிடக்கும். எட்டு வயதிலிருந்து கயிறு இழுத்து என் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. இங்கே திருகினால் சிறுவாணித் தண்ணீர் கொட்டியது. என் கணவர் மில்லில் குமாஸ்தா. அவரை எனக்குப் பிடித்துப்போக ஆறு மாதம் ஆயிற்று. குழாயைப் பிடித்துப்போக ஒரு நாள்கூட ஆகவில்லை.

வாடகை வீடு. முன்கட்டில் வீட்டுக்கார அம்மா, பின்கட்டில் நாங்கள். அந்த அம்மா தன் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், எங்களிடம் எங்களைவிடப் பதமான கொங்குத் தமிழ் பேசுவார். மிரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் மிரட்டுவார். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்.

"குப்பைய மட்டும் ஊட்டுக்குள்ள சேத்து வெச்சுக்கக் கூடாதுங்க அம்மணி. அப்படி வெச்சுக்கறதுன்னா வேற ஊடு பாத்துக்கறது ரெண்டு பேருக்கும் நல்லதுங்க."

தினமும் காலையில் முனிசிபாலிட்டி குப்பை வண்டி வரும். அதில் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நான் வெள்ளாமைக் குடும்பத்துப் பெண். குப்பை என்றால் எங்களுக்கு எரு. ஒருத்தர் மாடு போட்ட சாணியை இன்னொருத்தர் அள்ளினால் எங்கள் ஊரில் பஞ்சாயத்து கூடும். வாழைத்தோலையும் எச்சில் இலையையும் முன்பின் தெரியாத வண்டிக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? மாதம் ஒரு தடவை அப்பா சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருவார். திரும்பும்போது வண்டி காலியாகத்தான் போகும். அதில் அப்பாவின் நிலத்துக்கு ஏற்றிவிடலாம் என்பது என் திட்டம்.

"எங்க குப்பை எங்கய்யன் காட்டுக்குப் போகுதுங்க. நீங்க சும்மா சும்மா வந்து நிக்காதீங்க" என்று குப்பை வண்டிக்காரரிடம் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்ப்பார். "குப்பையெல்லாம் என்ன பண்றீங்க அம்மணி?" என்பார். "வண்டியில போட்டர்றேனுங்க" என்று கூசாமல் பொய் சொல்வேன். அவர் முகம் சுருங்கிவிடும். நான் சொன்னதை நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது மாதம் எருதுக்குக் கோமாரி கண்டு அப்பா வரத் தாமதமாயிற்று. ஒரு புதன்கிழமை காலை டின்மேல் இருந்த பலகையைத் தூக்கினேன். உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி உள்ளே புழு. ஊரில் குப்பை வெயிலில் திறந்து கிடந்து காயும். மூடி வைத்தால் இப்படி ஆகும் என்று யார் கண்டது? கொஞ்சம் புழுக்கள் இறங்கிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கொல்லைக்கு நான்கு பக்கம் இருக்க, அந்தச் சனியன்கள் வீட்டுக்கார அம்மாவின் சமையலறைச் சுவரைத்தான் பிடித்திருந்தன.

வெந்நீர் ஊற்றினேன். மேலே இருந்தவை செத்தன. கீழே இருந்தவை குளித்துவிட்டு மேலே வந்தன. அடுப்புச் சாம்பலைக் கொட்டினேன். சாம்பல் அசைந்தது. மத்தியானம் சாப்பிட வந்த கணவர் மில்லிலிருந்து ஒரு புட்டி பினாயில் கொண்டுவந்தார். டின்னுக்குள் ஊற்றப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மருந்து ஊத்துன குப்பையக் கொண்டுபோய்ப் போட்டா எங்கய்யன் காடு என்னத்துக்குங்க ஆகும்?"

"ஏம்புள்ள, உனக்குப் புழு சாகோணுமா, குப்பை பொழைக்கோணுமா?"

"ரெண்டுந்தானுங்க."

அவர் டின்னைச் சுற்றித் தரையில் வட்டமாக ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சிறிது நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க அம்மணி, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா? ஆசுபத்திரி வாசம் வருதுங்களே. வெள்ளிக்கெழம வந்து பாக்கறேனுங்க."

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல் குப்பை வண்டியை ஓடிப்போய் மறித்தேன். வண்டிக்காரர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"வேண்டாங்க அம்மணி. உங்கய்யன் காட்டுக்குப் போற பொருளுங்க. நாங்க கை வெக்கலாமுங்களா?"

மரியாதையாகச் சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார். எனக்கு நன்றாக வேண்டும். அன்று சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். என் உள்ளங்கை அப்போதுதான் மிருதுவாகத் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா வண்டியோடு வந்துவிட்டார். வீடு போனால் குழாயும் போய்விடும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பலகையைத் தூக்கிப் பார்த்தார். "தங்கமாட்டம் இருக்குது கண்ணு" என்று சொல்லி, ஒரு டின்னை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். திரும்பினால் வீட்டுக்கார அம்மா நிற்கிறார்.

"வண்டியில போட்டர்றேன்னீங்களே அம்மணி," என்றார். "இந்த வண்டிங்களா?"

"புழுவெல்லாம் இன்னிக்கே போயிருமுங்க. எங்களைக் காலி பண்ணச் சொல்லிராதீங்க" என்றேன்.

"புழு கெடந்தாக் கெடக்குதுங்க. குடியிருக்கறவங்க குப்பை எங்க தோட்டத்துக்குத்தானுங்க போகும். வாரா வாரம் கேட்டுட்டே இருக்கறன், நீங்க முனிசிபாலிட்டிக்குக் குடுத்தர்றேன்னே சொல்றீங்க. வாயைத் தொறந்து குப்பை குடுங்கன்னு எப்படிங்க கேக்கறது?"

அவர் முகம் ஏன் சுருங்கியது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்பா டின்னைக் கீழே வைக்கவில்லை. ஒரு கூடை எருவுக்காகக் கூடப் பிறந்தவரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர் அவர்.

"எம்புள்ள சேத்து வெச்சதுங்க."

"எங்க ஊட்டுல சேத்ததுங்க."

ஒரு புழு அப்பாவின் துண்டில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்னையறியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் மெதுவாக டின்னை இறக்கி வைத்தார்.

"எடுத்துக்குங்க அம்மணி. இனிமேலும் உங்களுக்கேதானுங்க. எம்புள்ளைக்கு இந்தக் கொழாய் மட்டும் இருக்கோணுமுங்க."

வீட்டுக்கார அம்மா இரண்டு டின்னையும் தன் பக்கத்துக் கொல்லையில் கவிழ்த்துக் கோழிகளைத் திறந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் பெயருக்கு ஒரு புழு இல்லை. நான் மூன்று நாள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தக் கோழிகள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அப்பா குழாயில் கை கழுவினார். அவருக்கு அதை மூடத் தெரியவில்லை, நான் மூடினேன். என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"காச்சதெல்லாம் போயிருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்.