ஆயில் ஊறிய வண்டி

என் தம்பி எத்திராஜுக்குக் கடல் ஒத்துக்காது. முகத்துவாரக்குப்பத்துல பொறந்துட்டு, முதல் அலை தாண்டினதுமே குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுப்பான். 'வாந்தி எத்திராஜு'ன்னே பேரு. அந்தப் பேரை மறக்கடிச்சது குப்பத்துப் பொது டிராக்டர். பழைய வண்டிதான். பின்னால ரெண்டு இரும்புக் கை இருக்கும். படகு மூக்குல கயிறு கட்டி அதுல மாட்டினா, கை தூக்கும், வண்டி மணல்ல இழுத்துக்கினு மேட்டுக்குப் போகும். அந்த சீட்டுல உக்காந்தா அவனுக்கு ராஜா நெனப்பு. இருந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு இன்னா நஷ்டம்?

ஐப்பசியில அந்தக் கைக்குச் சோம்பல் வந்துடுச்சு. படகைத் தூக்கும், பாதியில தொப்புன்னு போட்டுடும். கைக்குன்னு தனி ஆயில் உண்டு. தினம் ஊத்தினான், தினம் கொறைஞ்சது. அடியில குனிஞ்சு பார்த்தா ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மணலு குடிச்சிடுதுக்கா"ன்னான். எங்க மணல் எதைத்தான் குடிக்கலை? நானும் நம்பினேன்.

அதே நேரம் இஞ்சின் ஆயில் மட்டும் கொறையவே இல்லை. அளவுக் கம்பியை உருவினா, கோட்டுக்கு மேல பளபளன்னு நிக்கும்.

"பாருக்கா, ஊறுது!"

கெணறு ஊறுற மாதிரி இரும்புல ஆயில் ஊறினா அது சும்மாவா? அம்மன் கோயில் குங்குமத்தைக் கொண்டுபோய் வண்டி நெத்தியில வெச்சேன். அந்தக் கதை பக்கத்து ஊரு காட்டுப்பள்ளி வரைக்கும் போச்சு.

அப்பத்தான் புயல் அறிவிப்பு வந்தது. பொழுது சாயறதுக்குள்ள எல்லாப் படகும் மேட்டுக்கு ஏறணும். அன்னிக்குன்னு பார்த்து அந்தக் கை தூக்கவே மாட்டேன்னுடுச்சு. குப்பத்துத் தலைவர் ஜெயவேல் வந்து நின்னார்.

"எத்திராஜு, இன்னிக்கு இது தூக்கலைன்னா காட்டுப்பள்ளி வண்டியை வரச் சொல்றேன். டிரைவரும் அவங்க ஆளுதான். இதை எடைக்குப் போட்டுடலாம்."

பின்னாலேர்ந்து ஒரு குரல்: "வாந்தி, நீ கடலுக்கே வந்துடு. பக்கெட்டு நான் தர்றேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. என் தம்பி சிரிக்கலை. எம்.கே.பி. நகர் மெக்கானிக் பாஸ்கருக்கு போன் போட்டுட்டு, வண்டிக்கும் தண்ணிக்குமா நடந்துகினே இருந்தான். வாங்கிக் குடுத்த டீ ஆறிப்போச்சு.

"உக்காருடா, கண்ணைச் சுத்துது."

"கடலு உக்காருதாக்கா? நான் எப்டி உக்கார்றது?"

பாஸ்கர் வந்து வண்டிக்கு அடியில பார்க்கவே இல்லை. அளவுக் கம்பியை உருவி, விரல்ல தேய்ச்சு மோந்து பார்த்தான்.

"இன்னா மாமு, இஞ்சின்ல இம்மாம் ஆயிலு கீது?"

"அது ஊறுது நைனா."

சிரிச்ச சிரிப்புல பாஸ்கர் மணல்லயே உக்காந்துட்டான். "ஊறலை மாமு! கைக்கு ஆயில் தள்ற பம்பை இஞ்சின்தான் சுத்துது. நடுவுல ஆயிலைத் தடுக்கற ரப்பர் சீலு பூட்ச்சி. நீ இந்தாண்ட ஊத்தினதெல்லாம் அந்தாண்ட இஞ்சின் வயித்துக்குப் போய்க்கினு கீது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா இஞ்சினே காலி."

"அம்மன் விஷயத்துல விளையாடாதேடா"ன்னேன்.

"ஆயா, அம்மனை நான் ஒண்ணும் சொல்லலை. பம்பைத்தான் சொல்றேன்."

உள்ளயும் தேஞ்சு கெடந்ததால சீலை மட்டும் மாத்தினா நிக்காதுன்னு, போன்ல கேட்டதுமே சந்தேகப்பட்டுக் கையோட கொண்டு வந்த வேற பம்பையே மாட்டினான். இஞ்சின் ஆயிலைத் திறந்து விட்டா, கறுத்த கஞ்சித்தண்ணி மாதிரி நிக்காம ஓடுச்சு. என் தம்பி நடுநடுவுல கையை விட்டுக்கினே இருந்தான்.

"ஸ்பேனரைக் குடுத்துட்டு அப்டிக்கா நில்லு மாமு, பேஜாரு பண்ணாத."

புது ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா, கை வெடவெடன்னு ஆடிச்சு, ஏறலை. குழாய்ல காத்து நிக்குதுன்னு பாஸ்கர் லீவரை மேலயும் கீழயும் தள்ளிக்கினே இருந்தான். மெல்ல ஏறிச்சு. நின்னுச்சு.

எத்திராஜு நம்பலை. எறங்கிடுமோன்னு அந்தக் கையையே பார்த்துக்கினு நிக்கறான். கீழ்வரிசைப் படகுங்களை அலை தொட்டாச்சு, ஜெயவேல் கத்தறார்.

"கையை நான் பார்த்துக்கறேன், நீ ஏறுடா!"ன்னு முதுகுல ஒண்ணு வெச்சேன்.

ஏறினான். ஒவ்வொண்ணா இழுத்தான். கடைசிப் படகுக்குக் கயிறு மாட்டும்போது தண்ணி டயரை நனைச்சுடுச்சு. பக்கெட்டு தர்றேன்னவனோட படகுதான் அது. அவனே பின்னால நின்னு மேடு வரைக்கும் தள்ளிக்கினு வந்தான்.

காலையில மழையோட மழையா எத்திராஜு கம்பியை உருவிப் பார்த்துட்டு ஓடி வந்தான். அளவு கோட்டுலயே நிக்குது.

"ஊறலைக்கா! ஊறவே இல்லை!"

பழைய குங்குமத்தை மழை கழுவிடுச்சு. பாஸ்கர் ஆயிரம் சொல்லட்டும், நான் மறுபடி வெச்சேன். இந்தத் தடவை ஊறாம இருக்கறதுக்கு.