டாக்டர் பேசணுமாம்

அம்மா தமிழில் எம்.ஏ. அதை நம்பித்தான் நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான சான்ட்ரிங்ஹாமில், தமிழர் நிறைய வரும் ஒரு கிளினிக்கில் அவளை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு. ஒன்பது வயதுக்காரியான நான் பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். அம்மா தமிழில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். தமிழில் வாயைத் திறந்தால் லகர ளகர வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

ஒரு நாள் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு காத்திருந்தார். அம்மா சிரித்த முகமாக, "ஐயா, டாக்டர் உங்ககிட்ட கொஞ்சம் பேசணுமாம்" என்றாள். பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து நொண்டிக்கொண்டே வெளியேறிவிட்டார்.

அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. சிகிச்சை இல்லாமல் இவர் கால் என்னாகும், இப்படி விரட்டினால் தன் வேலை என்னாகும்! என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

"சீனி கொஞ்சம் கூடச் சாப்பிட்டனான்தான். அதுக்கு இந்த வயசிலை என்னைப் பேசுறதோ?" என்றார் அவர்.

"பேசினா நல்லதுதானே ஐயா?"

"பிள்ளை, பேச்சு வாங்குறது உங்கட ஊரிலை நல்லதோ?"

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. "உன்கிட்ட பேசணும்" என்று அம்மா கூப்பிட்டால் எங்கள் வீட்டிலும் அதுதான் அர்த்தம்.

"அப்ப எப்படிச் சொல்லணும் ஐயா?"

"கதைக்கோணும் எண்டு சொல்லுங்கோ."

"கதைக்கணும்."

"கதைக்கோணும்."

நட்டநடுத் தெருவில் மூன்று தரம் ஒப்பித்தாள். பெரியவர் சிரித்துவிட்டார்; எங்களோடு திரும்பியும் வந்தார். எனக்குத்தான் மானம் போயிற்று. பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாதது ஒன்றே ஆறுதல்.

அன்று சாயங்காலம் வீட்டில், "வாடி, உன்னோட கதைக்கோணும்" என்றாள். பயந்துகொண்டே போனேன்.

"போன்ல இங்கிலீஷ்ல பத்து மணின்னு சொன்னா இங்க யாருக்கும் புரியல. நீ 'டென்' சொல்லிக் காட்டு."

காட்டினேன். இந்த ஊர்ப் பள்ளி உச்சரிப்பில் நான் சொன்னது கிட்டத்தட்ட 'டின்' என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கும். அதையே அவள் திரும்பச் சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கோபமே இல்லாமல் மறுபடி சொன்னாள்.

மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமானது பிற்பாடு நடந்த கதை. அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் நான் வாசலுக்கே ஓடி, "அம்மாக்கு டென் சொள்ளத் தெரியலை! நான்தான் சொள்ளிக் குடுத்தேன்!" என்று கத்தினேன்.

அத்தனையும் தமிழில். அம்மா பக்கத்திலேயே நின்றாள், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.