மலை இடது பக்கம் இருந்தால்

பேத்திக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க ஈப்போ கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை. கூடவே, எனக்கு மட்டும், மஞ்சள் வாசனையும் அடித்தது. சப்பாத்துக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி. முகத்தை மறந்துவிடுவேன், நடையை மறக்க மாட்டேன். நாங்கள் வளர்ந்த கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பாதி நாள் பனிமூட்டம். எதிரே வருவது யாரென்று தோள் ஆடுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை வாங்கும் கங்காணிக்கு முதலில் வயிறு வரும், பிறகுதான் ஆள் வருவார். அதை நடந்து காட்டி அம்மாவிடம் நிறைய அடி வாங்கியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கொழுந்து ஏற்றிய லோரி ஒரு வளைவில் சாய்ந்தது. என் அக்கா பாக்கியத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். நான் திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். சில மாதம் கழித்து அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், கங்காணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

“மாசக் கடைசிக்குள்ள தேயில நெரையில வேலைக்கு நின்னுட்டா பேரு இருக்கும். இல்லன்னா தொர வீட்ட கேப்பாரு லா. நா என்னம்மா செய்ய?”

பெரிய ஆஸ்பத்திரியில் புதுக் கால் கொடுத்திருந்தார்கள். அதன் பாதத்தில் ஒரு பழுப்புச் சப்பாத்து, நல்ல காலுக்கும் ஜோடி. அங்கே அழகாக நடந்தவள், வீட்டு வாசலில் வழக்கம்போல இரண்டையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எட்டு வைத்ததும் முழங்கால் பின்னுக்கு உதைத்து மல்லாந்து விழுந்தாள். மறுநாளும் அதே கதை. வெளியிலாவது போட்டுக்கொண்டாளா? புதுச் சப்பாத்து சேறாகிவிடுமென்று மேலே எடுத்து வைத்துவிட்டாள். அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். எனக்கோ ஏன் பின்பக்கமாகவே விழுகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். கணுக்கால் அசையாதபடி இரண்டு விறகுக் குச்சியை என் காலில் கட்டி நடந்து பார்த்தேன்.

“இந்த வீட்டுக்கு ஒருத்தி போதாதா?” என்று அம்மா அந்தக் குச்சியாலேயே போட்டார்.

ஒருநாள் அக்கா அந்தச் சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டுத் திரும்பி வாசலில் நிற்கும்போது சோறு பொங்கி அடுப்பை அணைத்தது. அப்படியே, சப்பாத்தோடு, உள்ளே விறுவிறுவென்று போய்ப் பானையை இறக்கினாள்.

“சாமி படத்துக்கு முன்னால சப்பாத்தா!” அம்மா கத்தினார்.

“அம்மா, சப்பாத்த விடு, நடயப் பாத்தியா?” நானும் கத்தினேன்.

விஷயம் அவ்வளவுதான். அந்தப் பாதம் சப்பாத்தின் குதிகால் உயரத்துக்குச் செய்யப்பட்டது. கழற்றினால் குதி கீழே போகும், கால் பின்னால் சாயும், ஆளையும் சாய்க்கும். கழற்றாதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், இவளும் தலையாட்டியிருப்பாள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடப்பது எங்கள் யார் மண்டையிலும் ஏறாது. கடைசியில் அம்மா இறங்கி வந்தார். ரிங்லெட் டவுனில் அதே உயரத்தில் இன்னொரு ஜோடி வாங்கி, இரண்டுக்கும் மஞ்சள் தடவி, “இது வாசலத் தாண்டக் கூடாது” என்றார்.

அடுத்தது மலை. கொழுந்து வெட்டும் கத்தரிக்கு இரண்டு கையும் வேண்டும், தடி ஊன்ற முடியாது. முதல் நாள் நிரையில் போனவள் செடிமேல் சரிந்தாள். திரும்பி வரும்போது சரியவில்லை. சரிவில் குறுக்காக நடந்தால் மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கும், பள்ளத்துக் கால் நீளும். அவளுடைய புதுக் கால் நூலளவு குட்டை. அது மேட்டுப் பக்கம் இருந்தால் மலையே அந்தக் குறையை நிரப்பிவிடும். அதனால் மலையை எப்போதும் இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டாள். நிரை முடிந்ததும் லோரிப் பாதைக்கு இறங்கி, சுற்றிவந்து, அடுத்த நிரையை முதலிலிருந்து பிடிப்பாள்.

“கோயில்லயும் இப்படித் தப்பாச் சுத்திடாதடி!” என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவளுக்கு வழிவிட்டு நிரை மாற்றிக்கொண்டார்கள்.

மாசக் கடைசியில் கங்காணி கீழே ரோட்டில் நின்றார். நான் லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். மேலே பெண்கள் வரிசையாக வெட்டிக்கொண்டு போனார்கள். அவர் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதுல பாக்கியம் எதும்மா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடு எங்களிடமே இருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக்கு வெட்டும் மெஷின் வந்தது. நிரைக்கு இருபுறமும் இரண்டு பேர் பிடித்து, ஒரே வேகத்தில் போய், அப்படியே திரும்பி வர வேண்டும். அக்கா விரும்பும் பக்கம் மலை நிற்காது. பேர் போனது, பிறகு வீடும் போனது. ஈப்போவில் ஒரு அடுக்குமாடியில் குடியேறினோம். எங்கு பார்த்தாலும் மேடு பள்ளமில்லாத சிமெண்டுத் தரை.

வந்த வாரமே பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்டது: “அம்மா, அந்த ஆண்ட்டி ஏன் நொண்டுறாங்க?”

அக்கா நின்றுவிட்டாள். தன் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நா நொண்டுறேனாடி?”

மலையில் இத்தனை வருஷமும் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அங்கே நாங்கள் எல்லோருமே ஒரு காலை மடக்கித்தானே நடந்தோம்.

“இல்லக்கா, இங்க தர சரியில்ல,” என்றேன்.